பஸ் நிலையச் சுவரில் உன் அப்பா

ஸ்ரெஞானின்,
அக்டோபர் மாதம் 5

அன்பு மகள் போயானாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், கோழிகளும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை நெமாஞாவும் வின்னிபெக்கில் பனி விழுவதற்கு முன்பே நல்ல பூட்ஸாக வாங்கி வைத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே, யாரும் சாகவில்லை, வீட்டுக் கூரையும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக அம்மாதான் போனில் பேசுவாள், நான் பின்னால் நின்றுகொண்டு குளிருக்குத் தலையை மூடச் சொல்லு என்று கத்துவேன், அத்தோடு என் வேலை முடியும். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பிப்பாய். காகிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. அதனால் விடுமுறைக்கு வந்திருந்த உன் தோழி சான்யா திரும்ப விமானம் ஏறுமுன் அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள், கடிதத்தை உன்னிடம் நீட்டிய பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போயா, உன் அப்பா இந்த ஊரில் இப்போது பெரிய ஆள். நான் நடந்து போனால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன். காலுறை ஆலையைப் பற்றி நான் எவ்வளவு மோசமாகப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, மூடின அன்று மெயின் சுவிட்சை என் கையாலேயே இறக்கிவிட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் போக நேர்ந்தால்கூட எதிர்ப்புற நடைபாதையில்தான் நடப்பேன். நீ இங்கே இருந்தபோதே படம் வரைகிறவர்களும் மண்பாண்டம் செய்கிறவர்களும் அங்கே ஒவ்வொரு அறையாகப் பிடித்துக்கொண்டு குடியேற ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசி சனி ஞாயிறு வந்தால் கதவையெல்லாம் திறந்து வைத்து, ஊரை உள்ளே விட்டு, தங்கள் பட்டறைகளைக் காட்டுவார்கள். வேலைவெட்டி இல்லாத பெயிண்ட் டப்பாக்கள் என்று நான் வைத்த பெயரைச் சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாயே. உன் அம்மா வருஷா வருஷம் கூப்பிடுவாள், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பாள், நான் செய்தித்தாளை இன்னும் உயரமாகப் பிடித்துக்கொள்வேன்.

உன் அம்மா பாலர் பள்ளிச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றாள் இல்லையா, அதற்கு அடுத்த மாதமே, முழங்காலுக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், வாரத்துக்கு இரண்டு நாள் விளையாட்டு மண்டபத்துக்குப் போகவேண்டும் என்றாள். நானும் நம்பினேன். நம்பினது மட்டுமா, முடிவெட்டுகிற ஜிவோயினிடம் போய், என் பெண்டாட்டி முழங்கால் எப்படித் தேறிவிட்டது பார், இப்போது படிக்கட்டில் தாவி ஏறுகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தான். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் குளிர்காலத்துக்கு அய்வார் விழுது செய்யக் குடைமிளகாய் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினேன். தெருவெல்லாம் மிளகாய் சுடுகிற வாசனை, எல்லா வீட்டு முற்றத்திலும் அடுப்பு, நம் வீடு மட்டும்தான் பாக்கி. அம்மா விடிந்ததும் விடியாததுமாய் எங்கோ போய்விட்டாள். வழியில் ரமதான் பேக்கரியில் பாலாடைக்கட்டி பூரெக் வாங்க நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அடேயப்பா, மிலோமிர் அண்ணே, இன்னிக்கு முழிச்சிருக்கீங்க!" என்றான். நான் நேரங்கழித்து வந்ததைச் சொல்கிறான் என்று நினைத்தேன். நாலு கடை தள்ளி ஜிவோயின் வாசலில் நின்றுகொண்டு, "வாயை மூடிக்கிட்டு நடண்ணே, ஈ பூந்துடப் போகுது" என்றான். என் வாய் மூடித்தான் இருந்தது. காலையிலேயே ரக்கியா குடித்துவிட்டான் போலிருக்கிறது என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே பஸ் நிலையத்தைத் தாண்டினேன்.

அங்கே சுவரில் கதவு அளவுக்கு ஒரு போஸ்டர். ஒரு கிழவன் சாய்வு நாற்காலியில் தூங்குகிறான், கரையில் தூக்கிப் போட்ட கெண்டை மீன் மாதிரி வாய் பிளந்திருக்கிறது, தொப்பையின்மேல் செய்தித்தாள், ஒரு காலில் சாக்ஸ் கிழிந்து கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. பாவம், யாரோ ஒரு ஆளின் மானத்தை இப்படி வாங்கிவிட்டார்களே என்று உண்மையிலேயே இரக்கப்பட்டேன். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பைப் பார்த்தேன். அது நம் வீட்டுப் பச்சை நாற்காலி. அந்தக் கட்டைவிரல் என் கட்டைவிரல். கீழே பெரிய எழுத்தில், 'என் வீட்டுக்காரர் தூங்குகிறார் - தெசாங்கா, அறை எண் 14, பழைய காலுறை ஆலை, அனைவரும் வருக' என்று உன் அம்மா பெயரிலேயே போட்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஜனமெல்லாம் பார்க்க அதை ஒரே இழுப்பில் கிழித்தெடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிளகாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நேரே ஆலைக்கு நடந்தேன். அத்தனை வருஷம் கழித்து முதல்முறையாக அந்த நடைபாதையில்.

கேட் அருகே கால் தானாக நின்றுவிட்டது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். காவலாளி கூண்டில் பச்சைத் தலைமுடிப் பெண் ஒருத்தி காபி விற்றுக்கொண்டிருந்தாள். "உள்ள போங்க மாமா, டிக்கெட்டெல்லாம் கிடையாது" என்றாள். இந்த கேட்டுக்குள் போக எனக்கே ஒருத்தி அனுமதி கொடுக்கிறாளே என்று இன்னும் கோபம் வந்தது, அந்தக் கோபம்தான் என்னை உள்ளே தள்ளியது. உள்ளே எத்தனை ஜனம் என்கிறாய்! வீட்டு விசேஷம் மாதிரி குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். பின்னல் இயந்திரங்கள் நின்ற பெரிய கூடத்தில் ஆர்பாத் என்று ஒரு ஹங்கேரிக்கார ஆள், பழைய சைக்கிள் உதிரிகளை வெல்டிங் வைத்து ஆள் உயர நாரைகள் செய்து வரிசையாக நிறுத்தியிருந்தான். ஒவ்வொன்றும் இப்போது பறந்துவிடும் போல. சாயத் தொட்டிகள் இருந்த இடத்தில் ஒருவன் துணிக்கு அச்சுப் போடுகிறான், சாப்பாட்டுக் கூடத்தில் பொம்மலாட்டம் நடக்கிறது. கோபமாக இருந்தாலும் பார்த்துக்கொண்டே போனேன், என் கண்ணை நானே திட்டிக்கொண்டு.

கூடத்தின் கடைசியில் என் சுவிட்ச் போர்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது, போயா! துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். ஏழாம் நம்பர் சுவிட்சுக்கு மேலே நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டின சீட்டுகூட இருக்கிறது: 'தொடாதே, கடிக்கும். மிலோமிர்.' நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு ஆர்பாத் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். யார் எழுதினது தெரியுமா என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், மிலோமிர் வந்துட்டாரு! நெசமாவே இருக்காருடா!" என்று கத்தினான். அங்கங்கே இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஏழு வருஷமா அதை நாங்க தொடல. ஒவ்வொரு புது ஆளுக்கும் மொதல்ல அதைத்தான் சொல்லுவோம், மிலோமிர் சொல்லிட்டாரு, கை வைக்காதேன்னு." உள்ளே ஒரு கம்பி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம், நான் சரி செய்வதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள். அதைச் சொன்னதும் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். உடனே கக்கத்துப் போஸ்டர் ஞாபகம் வந்து முகத்தைத் திரும்பக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

பதினாலாம் நம்பர் அறைக்கு மூன்றாம் மாடி வரை படிக்கட்டில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவள் யார் தெரியுமா, பேக்கிங் பிரிவில் இருந்த யொவாங்கா, எனக்குப் பரம விரோதி. திரும்பிப் பார்த்து, "இவரு அவரில்லையே, அவரு இன்னும் அழகா இருப்பாரே" என்றாள். "கண்ணை மூடிக் காட்டு மிலோமிர், அப்பத்தான் வழி விடுவோம்." வரிசையே கைதட்டியது. நான் கண்ணை மூடவில்லை. ஆனால் வழி விட்டார்கள்.

காலுறைகளை ஜோடி சேர்க்கிற அறையாக இருந்ததே, அதுதான் பதினாலு. இப்போது அதில் யஸ்மினா என்ற பெண் மண்பாண்டம் செய்கிறாள், பாதி அறையை உன் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். நாலு சுவரிலும் நான். ஆற்றங்கரையில் தூண்டிலைப் பிடித்தபடி தூங்குகிறேன், நோவி சாத் பஸ்ஸில் தூங்குகிறேன், நம் வீட்டுப் புனிதர் திருநாளன்று பாதிரியார் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்குகிறேன். நாற்பத்து மூன்று படம், நான் எண்ணினேன். நடுவில் உன் அம்மா, ஏப்ரன் முழுக்கக் கரி, மூக்கில் கரி, ஒரு கூட்டத்துக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, போயா. சமையலறையில் இருநூறு குழந்தைகளுக்கு ரொட்டி வெட்டினபோதுகூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. என்னையும் என் கக்கத்தையும் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனாலும் குரல் மாறவில்லை. "கத்தறதா இருந்தா வெளிய போய்க் கத்திட்டு வா, உள்ள ஆளுங்க இருக்காங்க" என்றாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசனம் அத்தனையும் எனக்கு மறந்துவிட்டது. "முழங்கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "மூணு மாடி ஏறி வரேன், எப்படி இருக்கும்? நல்லாத்தான் இருக்கு" என்றாள். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அப்போது ஜன்னல் ஓரத்தில் சின்னச் சின்னதாக மாட்டியிருந்த படங்களை நான் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேள். அவை உள்ளங்கை அளவுக் காகிதங்கள். ஆஸ்பத்திரியில் காலைச் சாப்பாடு என்ன, மத்தியானம் என்ன என்று அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டுகளின் பின்பக்கம். பால்பாயின்ட் பேனாவில் வரைந்தவை. மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி, மார்பு முழுக்கக் கட்டு, நான். மூன்று வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரித் தேதி. நீ வின்னிபெக் போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், நாலு நாளில் வந்துவிடுவார் என்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா. அது பித்தப்பை இல்லை மகளே, இருதயம். மார்பைத் திறந்து மூன்று இடத்தில் பைபாஸ் வைத்துத் தைத்தார்கள். அப்போது அங்கே தங்குவதற்கான உன் காகிதங்கள் கைக்கு வரவில்லை, நீ கிளம்பி வந்திருந்தால் திரும்பப் போக முடியாமல் ஆகியிருக்கும். ஆம்புலன்ஸிலேயே, முகமூடியை விலக்கிக்கொண்டு, போயாவிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினது நான்தான். அவள்மேல் கோபப்படாதே. என்மேல் வேண்டிய மட்டும் கோபப்படு. எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. இப்போது நன்றாக இருக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள், பன்றிக்கொழுப்பு வறுவல் ஒரு துண்டுகூடத் தொடுவதில்லை, யொவாங்காவோடு சண்டை போட்டால்கூட மூச்சு வாங்குவதில்லை.

அந்தச் சின்னப் படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதெல்லாம் எப்போது என்று கேட்டேன். நான் மயக்க மருந்தில் கிடந்தவன், எனக்கு ஒன்றும் தெரியாது. உன் அம்மா மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைதான் பார்வையாளர் நேரம். முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "நர்ஸ் வந்து, அம்மா, இங்க அழக்கூடாது, அழுதா வெளிய அனுப்பிடுவோம்னு சொல்லிட்டா. அழாம இருக்கணுமே, என்ன பண்ணுவேன்? உன் கட்டில்ல தொங்கின பேனாவை எடுத்து உன் காதை வரைஞ்சேன். காது முடியற வரைக்கும் அழுகை வரல. அதனால மூக்கையும் வரைஞ்சேன்." பதினொரு நாள், பதினொரு படம். வீட்டுக்கு வந்த பிறகு நான் பகலில் கண் அசந்தாலே அவளுக்குப் பயம், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வரைவாளாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, குறட்டை விடுகிறேன் என்று குறை சொல்லத்தான் எதிரே வந்து உட்காருகிறாள் என்று. "அப்புறம் பயம் போயிடுச்சு மிலோமிர், ஆனா கை நிக்கல" என்றாள்.

யொவாங்கா மூக்கைச் சிந்தினாள். நான் ஆர்பாதைக் கூப்பிட்டு, பசை இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றான். கிழித்ததைத் திரும்ப ஒட்டவேண்டும் என்றேன். ஒரு வாளி பசையும் அகலமான பிரஷ்ஷும் எடுத்துக் கொடுத்தான். நேரே பஸ் நிலையம் போனேன். ஜிவோயின் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏணியோடு ஓடி வந்தான், ரமதான் மேல்முனையைப் பிடித்துக்கொண்டான், நான் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன், முன்பு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு கிழிசல், நெற்றியில் தழும்பு மாதிரி. பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான்தான், நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பதினாலாம் நம்பர் அறை, என் மனைவி வரைந்தது, போய்ப் பாருங்கள் என்று ஒரு பஸ் முழுக்க அனுப்பி வைத்தேன். டிரைவரும் கூடவே போனான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைச் சொல்லி மாளாது. பச்சை நாற்காலியை ஆர்பாதின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் படங்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களைக் கணக்கெடுக்க முடியாது. பல் டாக்டர் வாய் பிளந்த படத்தைத் தன் வைத்தியசாலையில் மாட்டக் கேட்டு வாங்கிக்கொண்டார். நோவி சாத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள், அங்கே ஏதோ படக்காட்சி நடத்துகிறவளாம், குளிர்காலத்தில் அத்தனையையும் கொண்டுவந்து மாட்டவேண்டும் என்று உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் படங்களைக் காட்டத் தருவேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உன் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள்தான் கேட்டாள், ஏன் இவர் விழித்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை என்று. "எனக்குக் கண்ணு வரைய வராது, தூங்குற ஆளுக்குத்தான் கண்ணே வேண்டாமே" என்றாள் உன் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

அதனால் இப்போது நானும் அவளோடு போகிறேன். அவளுக்கு முன்னால் நேராக உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் என் வேலை. சுலபம் என்று நினைக்காதே. பேசாதே, முறைக்காதே, ஜன்னலைப் பார்க்காதே, என்னைப் பார் என்று ஒரே அதட்டல். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, இரண்டாம் நாள் அவளுக்கு வெட்கம் வந்து பென்சிலைக் கீழே போட்டாள். முதல் படத்தில் ஆந்தை மாதிரி இருக்கிறேன், இரண்டாவதில் வரி வசூலிக்க வந்தவன் மாதிரி. ஆறாவது தேறிவிட்டது. அதைத்தான் மடிக்காமல் அட்டைக்கு நடுவில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இடது கண் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை என்று நான் சொன்னேன். நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஏழாம் நம்பர் கம்பியையும் இறுக்கிவிட்டேன், சீட்டை மட்டும் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

சான்யா கொண்டுவருகிற பெட்டியில் அய்வார் ஆறு ஜாடி இருக்கிறது, கடைசியில் மிளகாயை நானே சுட்டேன். திறந்த ஜாடியில் மேலே எண்ணெய் ஊற்றி வை, மாப்பிள்ளையிடம் ஈரக் கரண்டி போடாதே என்று சொல். இந்தக் கடிதத்தை அம்மாதான் எழுதவேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், சத்தியம் வாங்கினவன் நீ, நீயே எழுது என்று விட்டுவிட்டாள். எழுதிவிட்டேன். மறைத்தது தப்பு மகளே. உன் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம், ஆனால் உன் அம்மா அந்தப் பதினொரு நாளும் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள், அதற்குக் காரணம் நான். இன்னொன்றும் சொல்கிறேன். ஜூலை மாதத்திலிருந்து நீ போனில், எல்லாம் நல்லா இருக்குப்பா என்று ஒரு குரலில் சொல்கிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் வீடு திரும்பிய பிறகும் போனில் உன்னிடம் பித்தப்பை என்று சொன்னபோதெல்லாம் உன் அம்மாவுக்கு வந்த அதே குரல்தான்.

நம் வீட்டுப் புனிதர் நிக்கோலா உன்னையும் நெமாஞாவையும் கைவிடாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் சூடும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், கைநிறைய வேலையும் கண்நிறையத் தூக்கமும் கிடைக்கட்டும். பதில் எழுத மறக்காதே, போனில் வேண்டாம், காகிதத்தில் எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. அப்பாவின் இருதயத்துக்கு ஆகாது என்று எதையும் விட்டுவிடாதே, அதில் மூன்று புதுக் குழாய் இருக்கிறது, தாங்கும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா
மிலோமிர்